சத்தம் உடையாமல் கருகிய ஆம்ப்

ஏனக்கா என்பது தொழில் வட்டாரம் அவளுக்கு வைத்த பட்டம். ஒரு வயரைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் போகிற ரகம் இல்லை அவள். "இது ஏன் சிவப்பு? அது ஏன் கறுப்பு? மாத்திச் சொருகினா என்ன ஆகும்?" என்று மூன்று கேள்வி கேட்பாள். கடைக்காரர் முதல் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே நான்காவதையும் இறக்கிவிடுவாள். அவள் படியேறி வருவதைப் பார்த்ததும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போய்விடுவார் என்று பேச்சு உண்டு. மணி காலை பத்தாக இருந்தாலும் போய்விடுவாராம்.

வயது நாற்பத்தாறு. வீட்டின் கீழே, ஷட்டர் போட்ட நீளமான அறைதான் அவளுடைய சவுண்டு சர்வீஸ். கூட்டம், கல்லூரி விழா, கடைத் திறப்பு எதுவானாலும் ஸ்பீக்கர் செட் வாடகைக்குப் போகும். அறையின் ஒரு பக்கம் இடுப்புயரத்தில் நான்கு பாஸ் பெட்டிகள். நெஞ்சில் வந்து மோதும் அடிச்சத்தம் அதிலிருந்துதான். அவற்றின் மேல் உட்காரும் டாப் பெட்டிகள் நான்கு. பேச்சும் பாட்டும் அவற்றின் பொறுப்பு. எதிர்ச் சுவரில் ஆணி வரிசை, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கேபிள் சுருள். இத்தனை பெட்டிகளுக்கும் மூச்சுக் கொடுப்பது பவர் ஆம்ப்ளிஃபயர். தொழிலில் யாரும் அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி வாயை நோகடித்துக்கொள்வதில்லை. ஆம்ப், அவ்வளவுதான்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கேள்வியால்தான். முன்பு ஒரு அரங்கத்தின் புக்கிங் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மேடையில் ஒருவர் நகைச்சுவை சொன்னால் முன்வரிசை சிரிக்கும். கடைசி வரிசையோ முன்வரிசையின் முதுகு குலுங்குவதைப் பார்த்து, சரி, சிரிக்க வேண்டிய இடம் போலிருக்கிறது என்று பின்னாலேயே சிரிக்கும். இதை அவள் மட்டும்தான் கவனித்தாள். ஏன் அங்கே வார்த்தை போய்ச் சேரவில்லை? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போனவள், வேலையை விட்டுவிட்டுத் தம்பியையும் சேர்த்துக்கொண்டு ஒரு பழைய செட்டை வாங்கிப் போட்டாள். நாமாக இருந்தால் முன்வரிசையில் ஒரு நாற்காலி பிடித்திருப்போம்.

தம்பி அவளைவிட ஆறு வயது இளையவன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பலகையில் உட்கார்வது அவன் வேலை. மைக் ஊளையிடப் போகிறது என்பது மைக்குக்குத் தெரிவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். விரல் ஒரு மயிரிழை நகரும், ஊளை வராது. "அக்காவுக்கு வாய், தம்பிக்குக் காது" என்று கேலி பேசுவார்கள். கேலியானாலும் உண்மை. அந்த இரண்டையும் வைத்துத்தான் பன்னிரண்டு வருடம் அந்த அறை ஓடியது.

பிறகு, எட்டு மாத இடைவெளியில் இரண்டு ஆம்ப்கள் கருகின.

முதலாவது ஒரு கடைத் திறப்பு விழாவில் போனது. ரிப்பேருக்குக் கொண்டுபோன இடத்தில் மூடியைத் திறந்து பார்த்தவர், "சத்தத்தை ஓவரா ஏத்தியிருக்காங்க. எல்லாம் போச்சு" என்றார். கருகிப் போன எந்த ஆம்ப்பைப் பார்த்தாலும் அவர் அதைத்தான் சொல்வார் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. இரண்டாவது போனது ஒரு கல்லூரியின் பரிசளிப்பு விழாவில். புழுக்கமான உள்ளரங்கம், எண்ணூறு பேர், பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே ஆட்டம் பாட்டம். மாணவி ஒருத்தி கோப்பையை வாங்கக் கையை நீட்டிய நேரத்தில் மேடைக்குப் பின்னால் ரப்பர் தீய்ந்த நாற்றம். பிறகு எண்ணூறு பேரின் முணுமுணுப்பு மட்டும்.

சத்தம் அளவுக்கு மீறினால் முதலில் உடையும். கரகரவென்று, கிழிந்த துணியை உதறியது போல. மிக்ஸரில் இருப்பவன் அதைக் கேட்டதும் குறைத்துவிட வேண்டும். அதைக் கேட்பதற்குத்தான் அங்கே ஒரு ஆள். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தம்பியிடம் போனாள்.

"எவ்வளவுடா ஏத்தின?"

"ஏத்தலக்கா. பாதியிலதான் இருக்கு, பாரு."

"சத்தம் உடைஞ்சப்ப என்ன பண்ணிட்டிருந்த?"

"சத்தம் உடையவே இல்லக்கா."

"உடையாம எப்படிடா கருகும்? உடைஞ்சிருக்கு. உனக்குக் கேக்கல. அவ்வளவுதான்."

கல்லூரி அலுவலர், மாணவர்கள், மேடை ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவன் வாயைத் திறந்தான். உடையாமல் எப்படிக் கருகும் என்பதற்கு அவனிடமும் பதில் இல்லை. குனிந்து கேபிளைச் சுருட்டத் தொடங்கினான். அடுத்த வாரம், "நான் வேற வேலை பாத்துக்கறேன்க்கா" என்றான். அவளும், போய்ட்டு வா என்பதுபோல் இருந்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த கோபம் அப்படி. இரண்டு வீடுகளும் ஒன்றாகத்தான் உண்டன, விசேஷத்துக்குப் போயின. சவுண்டைப் பற்றி மட்டும் யாரும் வாயெடுப்பதில்லை. கூடத்தில் யானை படுத்திருக்க, சுற்றிச் சுற்றிப் போய்க் கொண்டிருந்தார்கள்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. வேலை வரும்போது வேறொரு சர்வீஸ்காரரிடம் ஆம்ப்பும் ஆளும் வாடகைக்கு எடுத்துச் சமாளித்தாள். இந்த வருடம் அதே கல்லூரியிலிருந்து மறுபடி அழைப்பு, மூன்று நாள் விழாவுக்கு. கெட்ட பேரைத் துடைக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று அவள் ஒப்புக்கொண்ட மறுநாள், அந்த வாடகை ஆம்ப்காரர் கையை விரித்தார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்க பெட்டியில மாட்டினா எங்க ஆம்ப் கொதிக்குது. வேற எங்கயும் இப்படி ஆகறதில்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இவர் ஆம்ப் மட்டம், பழி என் பெட்டிக்கா? சரி, சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது என்று கிளம்பினாள். விழாவுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

முதலில் போனது கண்ணாடி பதித்த பெரிய ஷோரூமுக்கு. பெரிய எண்ணைப் பார்த்தால் வாயைப் பிளக்கும் கூட்டம்தானே நாம். அங்கே ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் உள்ளங்கை அகலத்துக்கு எண்கள். கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

"பத்தாயிரம் வாட்ஸ், மேடம். சுவர் அதிரும்."

அவள் எண்ணைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "இந்த ஃப்யூஸ் ஏன் இத்தனூண்டு இருக்கு?"

"அது... ஃப்யூஸ் மேடம்."

"தெரியுது. உள்ள வர்ற கரண்ட் எல்லாம் இது வழியாத்தானே வரணும்? இது தாங்கறதே ரெண்டாயிரத்துக்கு மேல வராது போலிருக்கே. மிச்சம் எட்டாயிரம் எந்த வழியா வருது?"

"மேடம், அது பீக் வாட்ஸ்."

"பீக்னா எவ்வளவு நேரம் இருக்கும்?"

விற்பனையாளர் யோசித்தார். பாவம், நேர்மையான ஆள். "ஒரு கண் சிமிட்டற நேரம்."

"நான் கண்ணைத் தொறந்துகிட்டிருக்கிற நேரத்துக்கு எவ்வளவு?"

அதற்கு அவர் மேனேஜரைக் கூப்பிடப் போனார். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார்.

இரண்டாவதாகப் போனது மேம்பாலத்துக்குக் கீழே ஒரு ஒடுக்கமான கடை. விற்பனையும் உண்டு, ரிப்பேரும் உண்டு. நடத்துபவரைத் தொழிலில் 'ம்' அண்ணன் என்பார்கள். எதற்கும் ஒரு 'ம்'தான். மிஞ்சினால் 'ம்ஹூம்'. திறந்துபோட்ட ஆம்ப்களுக்கு நடுவே சாலிடரிங் புகையில் உட்கார்ந்திருந்தார்.

"ஆம்ப் வேணும்ணே. எத்தனை வாட்ஸ்னு கேக்க மாட்டீங்களா?"

"ம்ஹூம்." அவர் நிமிர்ந்தார். "என்ன பெட்டின்னு முதல்ல சொல்லுங்க. ஒரு சேனலுக்கு எத்தனை மாட்டுவீங்க? எத்தனை ஓம்ஸ்?"

இதுவரை எந்தக் கடைக்காரரும் அவளைத் திருப்பிக் கேள்வி கேட்டதே இல்லை. இவர் அவளையே கேட்கிறார். அவளுக்கு அவரை அந்த நொடியே பிடித்துப்போயிற்று.

ஓம்ஸ் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. எட்டு ஓம்ஸ் என்றால் குறுகலான வாசல். ஆம்ப் நிதானமாகத் தள்ளினால் போதும். நான்கு என்றால் வாசல் அகலம். ஆம்ப் இரண்டு மடங்கு தள்ள வேண்டும். ஒரே சேனலில், அதாவது ஆம்ப்பிலிருந்து வெளியே வரும் ஒரே வழியில், இரண்டு பெட்டிகளைச் சேர்த்து மாட்டினால் இரண்டு வாசலையும் ஒருசேரத் திறந்த மாதிரி, தடை பாதியாகிவிடும். இரண்டு எட்டு சேர்ந்தால் நான்கு. பெரும்பாலான ஆம்ப்கள் நான்கு வரை தாங்கும். அதற்குக் கீழே போனால் பாரம் தாங்காமல் சூடேறும், கருகும்.

"பாஸ் நாலு. சேனலுக்கு ரெண்டு. எல்லாம் எட்டு ஓம்ஸ்."

"எட்டுன்னு யாரு சொன்னா?"

"பெட்டி பின்னாடி ஸ்டிக்கர் இருக்கேண்ணே."

"ம்," என்றார் அவர். அந்த 'ம்' கொஞ்சம் நீளமாக இருந்தது. அலமாரியிலிருந்து ஒரு சாதாரணக் கறுப்பு ஆம்ப்பை எடுத்து வைத்தார். "நாலு ஓம்ஸ் வரைக்கும் தாங்கும். எடுத்துட்டுப் போய் ரெண்டு நாள் போட்டுப் பாருங்க. காதால மட்டும் பாக்காதீங்க. கையால தொட்டுப் பாருங்க."

மறுநாள் மதியம் அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான்கு பாஸ் பெட்டிகளையும் மாட்டினாள். அவளுடைய கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவே மாடியில் ஒரு குட்டித் தூக்கம் போடுவார். அன்றைக்குக் கட்டிலே அவரைத் தாலாட்டியது. காதில் பஞ்சோடு இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"நான் தூங்கறதா வேண்டாமா?"

"அரை மணி நேரம் பொறுத்துக்கோங்க. இதைத் தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார், கையை வெடுக்கென்று எடுத்தார். ஆம்ப்பின் உள்ளிருந்த ஃபேன் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. சத்தமோ பாதிதான். சத்தம் உடையும்போது எரிய வேண்டிய சிவப்பு விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை. ஒலி சுத்தமாக இருந்தது. உடையவே இல்லை.

வேறு யாராவது என்றால் இதுவும் மட்டமான ஆம்ப் என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அவளுக்கோ உடம்பெல்லாம் சுறுசுறுவென்றது. ஏன்? சத்தம் குறைவு, சூடு அதிகம். எங்கிருந்து வருகிறது இந்தச் சூடு? ஆறவைத்துவிட்டு டாப் பெட்டிகளை மட்டும் மாட்டினாள். அரை மணி நேரம் ஓடியும் ஆம்ப் குளுகுளுவென்று இருந்தது. கரண்ட் சரி, ஆம்ப் சரி. கேபிள்களை மாற்றிப் போட்டு மறுபடி பாஸ். மறுபடி கொதிப்பு. கேபிளும் சரி. சேனலுக்கு ஒரே ஒரு பாஸ் மட்டும் மாட்டினாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அப்படியானால் மிச்சம் இருப்பது பெட்டிகள். வாடகை ஆம்ப்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. கோணலாக இருந்தது கூடம்தான் போலும்.

ஸ்க்ரூக்களைக் கழற்றி முதல் ஸ்பீக்கரை வெளியே இழுத்து, தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தாள். எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கர் மீட்டரில் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். ஆறுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்றேகால் என்று காட்டியது. மீட்டர் பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று மாற்றினாள். மூன்றேகால். இரண்டாவது பெட்டி, மூன்றாவது, நான்காவது. நான்கும் மூன்றேகால். பின்னால் ஸ்டிக்கரில் எட்டு என்று பளிச்சென்று இருந்தது.

'ம்' அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

"மூணேகால்னா உள்ள இருக்கிற கம்பிச் சுருள், அந்தக் காயில், நாலு ஓம்ஸ்," என்றார் அவர். "ரெண்டு சேர்த்தா ரெண்டாயிடுது. எந்த ஆம்ப்பும் கருகத்தான் செய்யும். சத்தமே உடையாது. சூட்டுலயே போயிடும். யாரோ காயில் மாத்தியிருக்காங்கம்மா."

யாரோ. ஃபோனை வைத்துவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யார் என்பது அவளுக்குத் தெரியும்.

முதல் ஆம்ப் கருகுவதற்கு ஐந்து மாதம் முன்பு. தம்பி மஞ்சள் காமாலையில் படுத்திருந்தான், மூன்று வாரம். அந்தச் சமயத்தில் அறையில் மழைத்தண்ணீர் ஒழுகி நான்கு பாஸ் ஸ்பீக்கர்களின் காகிதமும் காயிலும் ஊறிப்போயின. அவன் எழுந்து வரும்போது புதுசு போல் இருக்கட்டும் என்று காயில் சுற்றுகிறவரிடம் அவளே எடுத்துப் போனாள். அந்த ஆள், "எட்டு ஓம்ஸ் காயில் கைவசம் இல்லம்மா, நாலுதான் இருக்கு. அதைப் போட்டா சத்தம் இன்னும் கூடவே வரும், போடட்டுமா?" என்று கேட்டார். கேட்டார், ஒளிக்கவில்லை. அப்போதெல்லாம் அவளுக்கு ஓம்ஸ் என்பது ஸ்டிக்கரில் இருக்கும் ஒரு எண், அவ்வளவுதான். அது தம்பியின் இலாகா. "கூட வந்தா நல்லதுதானே, போடுங்க" என்றாள்.

உண்மையாகவே சத்தம் கூடியது. முதல் விழாவிலேயே ஆட்கள் வந்து கை கொடுத்தார்கள். உடம்பு தேறி வந்த தம்பிகூட, "என்னக்கா பண்ணின, பாஸ் இப்படி அடிக்குது?" என்று கேட்டான். "சர்வீஸ் பண்ணினேன்டா, உன்னை மாதிரியே அதுவும் தேறிடுச்சு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். சத்தம் போனால் ஏன், ஊளையிட்டால் ஏன், விளக்கு எரியாவிட்டால் ஏன் என்று குடைந்தெடுப்பவள், சத்தம் கூடியபோது ஏன் என்று கேட்கவில்லை. நல்லது நடந்தால் யார்தான் கேட்கிறோம்?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எண்ணூறு பேர் இருந்த அரங்கில் அவள் தம்பியின் தலையில் வைத்த பழி, நியாயமாக அவளுடையது.

மறுநாள் 'ம்' அண்ணனின் கடைக்குப் போனாள். ஆம்ப்பைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டுதான் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூலையில் துணி போர்த்தியிருந்த ஒன்றைக் காட்டினார். மூட்டை கனம் இருக்கும். தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

"இது ரெண்டு ஓம்ஸ் வரைக்கும் அசையாது. இதை எடுத்தா நீங்க பெட்டியைத் தொடவே வேண்டாம். சத்தமும் குறையாது. இல்லன்னா காயிலை எட்டா மாத்திட்டு, முந்தாநாள் கொண்டுபோனதையே வெச்சுக்கோங்க. சத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், ஆனா அதுதான் பெட்டியோட அளவு. ரெண்டும் சரிதான். நீங்கதான் முடிவு பண்ணணும்."

அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை வந்ததை அந்தத் தெரு பார்த்திருக்காது. அவள் துணியை விலக்கி அந்தக் கனத்த ஆம்ப்பைப் பார்த்தாள். அழகாக இருந்தது. கைப்பிடியும், பின்னால் அகலமான காற்றுத் துளைகளும், கட்டைவிரல் பருமனில் ஃப்யூஸும். இதை வாங்கி மாட்டினால் விழா நன்றாக நடக்கும். ஆம்ப் மட்டமாக இருந்தது, நல்லது வாங்கினேன், சரியாயிற்று என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். எவரும் பெட்டியைத் திறக்கப்போவதில்லை. மூன்றேகால் என்ற எண் அவளுக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். இவரோ 'ம்'மைத் தாண்டி யாரிடமும் எதையும் சொல்லப்போவதில்லை.

"நாளைக்குச் சொல்றேண்ணே," என்றாள்.

கணவரிடம் சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். மாலை நடைக்கு நேரமாகியிருந்தது.

"பெருசையே வாங்கிடு. அவன் இப்ப நல்ல வேலையில இருக்கான். நிம்மதியா இருக்கான். ஆறின புண்ணை எதுக்குக் கிளறணும்?"

"ஆறிடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவன் ஒண்ணும் சொல்லலையே."

"அவன் எப்ப சொன்னான்?"

சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "போறதுன்னா இப்பவே போ. யோசிச்சா போக மாட்ட" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் சொன்ன மிகச் சரியான வார்த்தை அது.

தம்பி வேலை பார்ப்பது பெயிண்ட் கடையில். சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று ஆட்கள் அட்டையைக் காட்டுவார்கள். அவன் வெள்ளையில் சொட்டுச் சொட்டாக நிறங்களை விட்டு, டப்பாவை மூடி, குலுக்கும் இயந்திரத்தில் வைத்துவிடுவான். எத்தனையோ வேலை இருக்க இதை ஏன் பிடித்தான் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இயந்திரம் கடகடவென்று டப்பாவை உலுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கவுண்டரில் போய் நின்றாள்.

"என்னக்கா, இந்நேரத்துல? மாமாவுக்கு ஏதாவது...?"

"மாமா நல்லாத்தான் இருக்காரு. பாஸ் பெட்டியில இருக்கிறது எட்டு ஓம்ஸ் இல்லடா!" இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே அவள் கத்தினாள். நிறம் பார்க்க வந்திருந்த ஒரு தம்பதி திரும்பிப் பார்த்தது. "நாலு! நாலு பெட்டியும் நாலு!"

அவன் இயந்திரத்தை நிறுத்தினான். "என்ன?"

அவள் சொன்னாள். மழைத்தண்ணீர், காயில்காரர், 'கூட வந்தா நல்லதுதானே', மூன்றேகால், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "அன்னிக்கு உன் மேல தப்பே இல்ல. தப்பு என்னோடது. நான் பண்ணிட்டு, அத்தனை பேர் முன்னாடி உன்னைச் சொல்லிட்டேன். அந்தக் காலேஜ் ஆஃபீசருக்கும் வர்ற வழியில ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்."

அவன் கவுண்டரில் இருந்த பெயிண்ட் சொட்டு ஒன்றை நகத்தால் சுரண்டினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"அப்ப அன்னிக்குச் சத்தம் உடையல?"

"உடையலடா. நீ சொன்னதுதான் சரி."

"நிஜமாவா? நீ மீட்டர் வெச்சுப் பாத்தியா?"

"பேட்டரி மாத்தி வெச்சுப் பாத்தேன். நீயும் வந்து பாரு. காயிலை எட்டா மாத்தச் சொல்லிடப்போறேன். எந்த ஆம்ப்னு நீ காதால கேட்டுப் பாத்துட்டுச் சொல்லு, அதை எடுக்கறேன்."

"நான் கேட்டா?" என்றான் அவன். தம்பதி தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு அடுத்த அலமாரிப் பக்கம் நகர்ந்து போனது.

"நான் காது டாக்டர்கிட்ட போனேன்க்கா. மூணு தடவை."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "எதுக்குடா?"

"உடைஞ்ச சத்தம் எனக்குக் கேக்கலையே. அப்ப காதுலதானே கோளாறு? டாக்டர் எல்லாம் சரியா இருக்குன்னாரு. மூணாவது தடவை அவருக்குக் கோவமே வந்துடுச்சு. நான் நம்பல. மெஷினுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இருக்குன்னு நெனச்சேன். எங்க அக்கா காரணம் இல்லாம ஒண்ணு சொல்ல மாட்டாளேன்னு." அவன் குலுக்கும் இயந்திரத்தைக் காட்டினான். "இங்க வந்ததே அதுக்குத்தான். இந்த வேலைக்குக் கண்ணு போதும்."

அழக்கூடாது என்று நினைப்பதற்குள் அழுதுவிட்டாள். இரண்டு வருடம் ஒரே பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். இது அவளுக்குத் தெரியாது.

"பாப்பா பேச ஆரம்பிச்சா இல்ல," என்றான் அவன். அவனுடைய மகளுக்கு இரண்டு வயது நடக்கிறது. "பாதி எனக்குப் புரியவே இல்ல. என்னம்மா, என்னம்மான்னு குனிஞ்சு குனிஞ்சு கேப்பேன். அவ அம்மா சிரிப்பா, ரெண்டு வயசுப் பிள்ளை பேசறது யாருக்கு முழுசாப் புரியும்னு. என்னைத் தேத்தறதுக்குச் சொல்றான்னு நெனச்சேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"நிஜமாவே யாருக்கும் புரியாதாக்கா?"

"யாருக்கும் புரியாதுடா," என்றாள் அவள். "எனக்கும் ஒரு வார்த்தை புரியல."